டிடிசியூட்டில்: லினக்ஸில் மானிட்டரின் ஒளியையும் நிறத்தையும் திருத்தச் சரியான கருவி

லினக்ஸில் மானிட்டர் வெளிச்சத்தைக் குறைக்க வழி தேடினால் முதலில் கையில் கிடைப்பது எக்ஸ்ரேண்டர் கட்டளைதான். எச்டிஎம்ஐ-1 என்று வெளியீட்டின் பெயரைச் சொல்லி, பிரைட்னஸ் 0.6 என்று கொடுத்தால் திரை உடனே மங்கிவிடும். ஆனால் பின்விளக்கு துளியும் குறைந்திருக்காது. கிராபிக்ஸ் கார்டு அனுப்பும் நிற எண்களைத்தான் அந்தக் கட்டளை சுருக்கியிருக்கும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு விரலால் அடைப்பது மாதிரி: நீர் குறையும், கசிவு அப்படியே இருக்கும்.

இந்தக் கசிவை எண்களில் பார்த்துவிடலாம். ஐபிஎஸ் என்ற பரவலான வகைத் திரைப் பேனல் ஒன்று முழு வெளிச்சத்தில் வெள்ளைக்கு 300 நிட்டும் (நிட் என்பது திரை ஒளியின் அலகு) கறுப்புக்கு 0.3 நிட்டும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், 1000க்கு 1. அறைக்குள் வேலை செய்ய 120 நிட் போதும். பின்விளக்கைக் குறைத்து 120க்கு வந்தால் கறுப்பும் 0.12 ஆக இறங்கும், விகிதம் 1000க்கு 1 என்றே நிற்கும். எக்ஸ்ரேண்டரில் அதே 120க்கு வர பிரைட்னஸ் மதிப்பு 0.66 வேண்டும் (0.4 என்று கொடுத்தால், நிற எண்ணுக்கும் திரை ஒளிக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதால், அதாவது காமா வளைவின் காரணமாக, வெள்ளை 40 நிட் அளவுக்கு விழுந்துவிடும்). வெள்ளை 120 ஆனாலும் கறுப்பு 0.3லேயே நிற்கும். விகிதம் 400க்கு 1 ஆகிவிடும். போதாததற்கு, 8 பிட் வெளியீட்டின் 256 படிகளில் ஏறத்தாழ 170 மட்டுமே மிஞ்சும். வானம் உள்ள படங்களில் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான்.

எனவே இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு கருவியிடமும் முதலில் கேட்கும் கேள்வி, அது மானிட்டரின் பின்விளக்கையே தொடுகிறதா என்பது. மேசை மானிட்டர்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லும் கருவிகளில் முழுமையானது டிடிசியூட்டில். கட்டற்ற மென்பொருள்; பெரிய டிஸ்ட்ரோக்கள் எல்லாவற்றின் களஞ்சியத்திலும் உண்டு.

எப்படி வேலை செய்கிறது

எச்டிஎம்ஐ, டிவிஐ, விஜிஏ கேபிள்களில் படத்துக்கான கம்பிகளோடு ஐ2சி எனப்படும் இரண்டு மெதுவான தகவல் கம்பிகளும் ஓடுகின்றன. டிஸ்பிளேபோர்ட்டில் அந்த வேலையை ஆக்ஸ் சேனல் செய்கிறது. மானிட்டர் தன் பெயர், மாடல், ரெசல்யூஷன் பட்டியலை ஈடிஐடி என்ற வடிவில் கணினிக்குச் சொல்வது இந்த வழியில்தான். அதே வழியில் மானிட்டருக்கு உத்தரவும் போடலாம். அதற்கு வெசா அமைப்பு வகுத்த தரம் டிடிசி/சிஐ. ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எண் உண்டு: பிரைட்னஸ் 10, கான்ட்ராஸ்ட் 12, நிற முன்னமைவு 14, சிவப்பு 16, பச்சை 18, நீலம் 1ஏ, எந்த உள்ளீடு என்பது 60. மானிட்டரின் அடிப்பக்கத்தில் தடவித் தடவிப் பொத்தானை அழுத்தி மெனுவில் மாற்றுகிறோமே, அதே மதிப்புகளைத்தான் இந்த எண்களும் மாற்றுகின்றன.

இதனால் இரண்டு நன்மைகள். முதலாவது, எக்ஸ்11, வேலேண்ட் (லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய, புதிய முறைகள்) என்ற சண்டை இதற்கு இல்லை. டெஸ்க்டாப்பே ஓடாத வெறும் கன்சோலிலும் இது வேலை செய்யும். இரண்டாவது, மதிப்பு மானிட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எக்ஸ்ரேண்டர் போட்ட மாற்றம் கணினியை மறுபடி இயக்கினால் போய்விடும். கேபிளைக் கழற்றி மாட்டினாலும் போகலாம். டிடிசியூட்டில் போட்டது, வேறு கணினியை மாட்டினாலும் நிற்கும்.

நிறுவல், அதில் வரும் சிக்கல்கள்

பொதியை நிறுவியதும் ஐ2சி-டெவ் என்ற கர்னல் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மாட்புரோப் கட்டளையால் ஏற்றலாம். ஒவ்வொரு முறையும் தானாக ஏற, /இடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி கோப்புறையில் அந்தப் பெயர் ஒரே வரியாக உள்ள கோப்பு ஒன்றை வைத்தால் போதும். அதன்பின் «டிடிசியூட்டில் டிடெக்ட்». மானிட்டரின் மாடல், சீரியல் எண், அது எந்த ஐ2சி பஸ்ஸில் (தகவல் தடத்தில்) இருக்கிறது, மேலே சொன்ன அமைப்பு எண்களின் பட்டியலான விசிபியின் பதிப்பு 2.1ஆ 2.2ஆ என்பதெல்லாம் வரிசையாக வரும்.

கட்டளைக்கு முன் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டால் மானிட்டர் தெரிகிறது, போடாவிட்டால் தெரியவில்லை என்றால் அனுமதிப் பிரச்சினை. பழைய வழிகாட்டிகள் பயனரை ஐ2சி குழுவில் சேர்க்கச் சொல்கின்றன. அது வேலை செய்யும்தான். ஆனால் மதர்போர்டில் உள்ள மற்ற ஐ2சி சிப்புகளின் வாசலையும் சேர்த்துத் திறந்துவிடும். ரேம் குச்சிகளின் விவரச் சிப்பும் அவற்றில் ஒன்று. புதிய பதிப்புகளோடு வரும் யூடேவ் (சாதனங்களுக்கு அனுமதி ஒதுக்கும் லினக்ஸ் பகுதி) விதி இதைவிட மேல். கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமான பஸ்களை மட்டும், அந்த நேரத்தில் திரை முன் உட்கார்ந்து உள்நுழைந்திருக்கும் பயனருக்குத் திறக்கிறது. அந்த விதி நிறுவப்பட்டிருந்தால் குழுவின் பக்கம் போகவே வேண்டாம்.

சூடோவிலும் «டிடிசி தொடர்பு தோல்வி» என்று வந்தால் முதல் சந்தேகம் மானிட்டரின் சொந்த மெனு மீது. டிடிசி/சிஐ என்றே ஒரு வரி அங்கே இருக்கும், பெரும்பாலும் சிஸ்டம் அல்லது மற்றவை என்ற பகுதிக்குள். அது ஆஃப் என்று இருந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த சந்தேகம் நடுவில் உள்ள பொருட்கள். ஒரே மானிட்டரைப் பல கணினிகளுக்குப் பகிரும் கேவிஎம் ஸ்விட்ச், டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர், லேப்டாப் இணைப்புப் பெட்டியான டாக் போன்றவற்றில் பல, ஈடிஐடியைக் கடத்தும், டிடிசி உத்தரவைக் கடத்தாது. டிஸ்பிளேலிங்க் வகை டாக்குகள் யூஎஸ்பி வழியாகப் படத்தை அனுப்புபவை. அங்கே கிராபிக்ஸ் கார்டின் ஐ2சி என்ற பேச்சுக்கே இடமில்லை. நேரடிக் கேபிளில் ஒருமுறை மாட்டிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு டிடிசி/சிஐ கிடையாது, டிடெக்ட் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடும்.

«சாதனம் பிசியாக உள்ளது» என்ற பிழை வேறு ரகம். டிடிசிசிஐ என்ற தனிக் கர்னல் டிரைவர் ஒன்று உண்டு. மேசை மானிட்டரையும் லேப்டாப் பின்விளக்கு போலவே /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்டுக்குள் காட்டுவது அதன் வேலை. நல்ல யோசனைதான். ஆனால் அதுவும் டிடிசியூட்டிலும் மானிட்டரின் ஒரே ஐ2சி முகவரியைக் கேட்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நிம்மதி. டிடிசிசிஐ டிரைவரைக் கர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்ட வேண்டும் என்பதால் நம் ஓட்டு டிடிசியூட்டிலுக்கே.

வெளிச்சம்

«டிடிசியூட்டில் கெட்விசிபி 10» என்றால் இப்போதைய மதிப்பும் உச்ச மதிப்பும் வரும். உச்சம் பெரும்பாலும் 100. «டிடிசியூட்டில் செட்விசிபி 10 40» என்றால் 40க்குப் போகும். இருப்பதிலிருந்து கூட்டவோ குறைக்கவோ «செட்விசிபி 10 + 10» அல்லது «செட்விசிபி 10 - 10» என்று எழுத வேண்டும். கூட்டல் குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி கட்டாயம், ஒட்டி எழுதினால் கட்டளை ஏற்காது. இந்த இரண்டு வரிகளை டெஸ்க்டாப்பின் குறுக்குவிசைகளில் கட்டிவிட்டால் அன்றாடத் தேவை தீர்ந்தது.

கவனிக்க வேண்டிய ஒன்று: அமைப்பின் எண் எப்போதும் பதினாறடிமானத்தில் படிக்கப்படும், அதற்குக் கொடுக்கும் மதிப்பு சாதாரண பத்தடிமானத்தில். 10 என்ற பிரைட்னஸ் எண் உண்மையில் பத்து அல்ல, பதினாறு. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் தடுமாறும் இடம் இது.

இரண்டு மானிட்டர் இருந்தால் எதற்கு என்று சொல்லியாக வேண்டும். டிஸ்பிளே 1, டிஸ்பிளே 2 என்ற எண்களும் பஸ் எண்களும் கணினியை மறுபடி இயக்கும்போதோ கேபிளை மாற்றிச் செருகும்போதோ இடம் மாறக்கூடும். ஸ்கிரிப்ட்டில் மாடல் பெயரைக் கொடுப்பது நிலையானது. இரண்டும் ஒரே மாடல் என்றால் சீரியல் எண். பஸ் எண்ணைக் கொடுப்பதில் உள்ள ஒரே லாபம் வேகம், ஏனென்றால் மற்ற பஸ்களைத் தேடும் வேலை மிச்சமாகும். வேகம்தான் இந்தக் கருவியின் பலவீனமும்கூட. ஐ2சி மெதுவான வழி, ஒவ்வொரு உத்தரவுக்குப் பின்னும் மானிட்டருக்கு மூச்சு விட நேரம் கொடுக்கச் சொல்கிறது தரம். அதனால் விசையை அழுத்தியதும் ஒரு சின்னத் தயக்கம் தெரியும். எழுதிய பின் மறுபடி படித்துச் சரிபார்ப்பதை நிறுத்த நோவெரிஃபை என்ற தேர்வு உண்டு. தயக்கம் கொஞ்சம் குறையும். காத்திருப்பைச் சுருக்கும் ஸ்லீப்-மல்டிபிளையரை மிகவும் இறக்கினால் சில மானிட்டர்கள் பதில் சொல்லாமல் பிழை தரத் தொடங்கும். 2.0 பதிப்பிலிருந்து கருவியே இந்தக் காத்திருப்பை மானிட்டருக்கு ஏற்பத் தானாகக் கூட்டிக் குறைக்கிறது, எனவே கைவைக்காமல் விடலாம்.

வெளிச்சத்தைப் படிப்படியாக நொடிக்கொரு தரம் மாற்றும் ஸ்கிரிப்ட்களைத் தவிர்ப்பது நல்லது. மானிட்டர் தன் அமைப்புகளை அழியாத நினைவகத்தில் எழுதி வைக்கிறது, அப்படி எழுதும் தடவைக்கு ஓர் எல்லை உண்டு. காலையில் ஒரு மதிப்பு, மாலையில் ஒரு மதிப்பு என்றால் கவலையே இல்லை.

எவ்வளவு வைப்பது? அளவிடும் கருவி இல்லாதவர்களுக்கு நம்பகமான வழி, வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, அறையின் வழக்கமான விளக்கில் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்ப்பது. திரை விளக்கு போல எரிந்தால் அதிகம், சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. புது மானிட்டர்கள் 75, 80 என்று கடையிலிருந்து வருவதை இந்தச் சோதனை செய்தவர்கள் அப்படியே விடுவதில்லை. பல மானிட்டர்களில் 0 என்பதுகூட இருட்டு அறைக்கு அதிக வெளிச்சம்தான். பின்விளக்கு 0க்கு வந்த பிறகும் கண் கூசினால் மட்டும் எக்ஸ்ரேண்டரின் 0.8 போன்ற மதிப்பைத் துணைக்கு அழைக்கலாம். அதற்கு உரிய இடம் அது ஒன்றே. அதுவும் எக்ஸ்11 அமர்வில் மட்டும். வேலேண்டில் காமா அட்டவணை (கிராபிக்ஸ் கார்டு நிற எண்களைத் திருத்தப் பயன்படுத்தும் பட்டியல்) டெஸ்க்டாப்பின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, எக்ஸ்ரேண்டர் சொல் அங்கே எடுபடாது.

கான்ட்ராஸ்ட்டைத் தொடவே வேண்டாம் என்பது பொதுவான ஆலோசனை. சோதிக்க நினைத்தால் 255 வெள்ளைப் பின்னணியில் 250 முதல் 254 வரையிலான கட்டங்கள் உள்ள படத்தைத் திறந்து, கட்டங்கள் தனித்தனியே தெரிகின்றனவா என்று பார்க்கலாம். தெரியவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் அதிகம்.

நிறம்

இங்கேதான் டிடிசியூட்டில் தன் மதிப்பைக் காட்டுகிறது. தொடங்கும் முன் «டிடிசியூட்டில் டம்ப்விசிபி» என்று எழுதிக் கோப்புப் பெயர் ஒன்றைக் கொடுத்தால் நிறம் சார்ந்த மதிப்புகள் எல்லாம் கோப்பாகச் சேமிக்கப்படும். எங்கே சொதப்பினாலும் «லோட்விசிபி» அதை மீட்டுத்தரும். மானிட்டரின் மெனுவில் இந்த வசதியே கிடையாது.

அடுத்து முன்னமைவு. 14க்கு 1 கொடுத்தால் எஸ்ஆர்ஜிபி (இணையப் படங்களுக்கான பொது நிறத் தரம்), 5 என்றால் 6500 கெல்வின், 8 என்றால் 9300 கெல்வின், 11 என்றால் பயனர் முறை. எல்லா மானிட்டரும் எல்லாவற்றையும் தருவதில்லை. «டிடிசியூட்டில் கேபபிலிட்டீஸ்» பட்டியலில் எவை உள்ளன என்று பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பட்டியலும் சில மாடல்களில் பொய் சொல்லும் என்பதையும் நினைவில் கொண்டு. எஸ்ஆர்ஜிபி முறையில் பல மானிட்டர்கள் வெளிச்சத்தையும் பூட்டிவிடும். அப்போது செட்விசிபி 10 பிழை தரும், அல்லது சத்தமில்லாமல் ஒன்றும் நடக்காது. கருவி பழுது என்று அர்த்தமில்லை. சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் பயனர் முறையில்தான் திறக்கும்.

அந்த மூன்றையும் திருத்தும்போது விதி ஒன்று: எது மிகையாக இருக்கிறதோ அதைக் குறைக்க வேண்டும், குறைவானதைக் கூட்டக் கூடாது. வெள்ளை நீலமாக அடித்தால் 1ஏ மதிப்பை இரண்டிரண்டாக இறக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் ஏற்றினால் ஏற்கனவே உச்சத்தில் உள்ள வெளிர் நிறங்கள் வெட்டுப்பட்டு, மஞ்சள் மேகமெல்லாம் ஒரே தட்டையாகிவிடும். ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒன்று மஞ்சள் ஒன்று நீலம் என்று தெரிந்தால், முதலில் வெளிச்சத்தைச் சமப்படுத்திவிட்டுப் பிறகு நிறத்துக்கு வருவது முக்கியம். வெளிச்சம் வேறுபட்டால் கண் அதையே நிற வேறுபாடாகப் படித்துவிடும். பேனல் சூடேற அரைமணி நேரம் விட்டபின் பார்க்க வேண்டும்.

கறுப்பு சாம்பலாகவும் நிறங்கள் வெளுத்தும் தெரிந்தால் இந்த எண்களில் காரணம் இருக்காது. எச்டிஎம்ஐயில் கணினி 16 முதல் 235 வரையிலான டிவி வரம்பில் அனுப்புகிறது, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது என்று பொருள். இன்டெல் கிராபிக்ஸில், எக்ஸ்11 அமர்வில், எக்ஸ்ரேண்டரால் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்ற பண்பை ஃபுல் என்று மாற்றினால் போதும். என்விடியாவின் சொந்த டிரைவரில் அது என்விடியா-செட்டிங்ஸில் கலர் ரேஞ்ச் என்று இருக்கும். கணினிப் பக்கம் வழி கிடைக்காதபோது மானிட்டர் மெனுவில் ஆர்ஜிபி வரம்பு அல்லது பிளாக் லெவல் என்ற வரி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

புகைப்படம், அச்சு வேலை செய்பவர்களுக்கு கண் போதாது. திரையின் நிறத்தை அளக்கும் யூஎஸ்பி கலரிமீட்டர் ஒன்றும் ஆர்கில் என்ற அளவீட்டு மென்பொருள் தொகுப்பும், அதற்கு முகமாக டிஸ்பிளேகாலும் வேண்டும். இலக்கு 6500 கெல்வின், காமா 2.2, 120 நிட். அளவீட்டுக்கு எக்ஸ்11 அமர்வில் நுழைவதே பாதுகாப்பு. அங்கேயும் முதல் படி டிடிசியூட்டிலின் வேலையேதான்: மானிட்டருக்குள் இலக்கை நெருங்கக் கொண்டுவந்துவிட்டால் காமா அட்டவணை திருத்த வேண்டியது சொற்பமாகும், படிகள் வீணாகாது. பிறர் பதிவேற்றிய ஐசிசி கோப்பு (அளவீட்டில் கிடைக்கும் நிற விவரக் கோப்பு) அவருடைய மானிட்டருக்கானது. ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் வேறுபடும்.

டிடிசியூட்டில் செய்யாதவை

இரவில் திரையை மஞ்சளாக்கும் வேலைக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். குனோமில் 3.24 முதலே நைட் லைட் உண்டு, கேடிஈ பிளாஸ்மாவிலும் உண்டு, இரண்டும் நன்றாகவே செய்கின்றன. தனி விண்டோ மேனேஜர்களில் எக்ஸ்11க்கு ரெட்ஷிஃப்ட், ஸ்வே போன்ற வேலேண்ட் சூழலுக்கு காமாஸ்டெப் அல்லது டபிள்யூஎல்சன்செட். ரெட்ஷிஃப்ட்டில் பெரிய ஓ தேர்வால் 3500 என்று திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நிறம் மேல் மேலாக ஏறிச் செக்கச் செவேலென்று ஆகிவிடும். கூடவே பெரிய பி தேர்வைச் சேர்த்தால் பழையதைத் துடைத்துவிட்டுப் போடும். இடத்தைத் தானாக அறியும் வசதி நம்பியிருந்த மோசில்லா சேவை 2024இல் மூடப்பட்டதால், அட்சரேகை தீர்க்கரேகையைக் கையால் எழுதிவிடுவது நிச்சயமான வழி.

லேப்டாப் திரைக்கு பிரைட்னஸ்சிடிஎல். «பிரைட்னஸ்சிடிஎல் செட் 40%» என்பதோடு விஷயம் முடிந்தது. பழைய எக்ஸ்பேக்லைட், இன்றைய பொதுவான மோட்செட்டிங் டிரைவரில் பேக்லைட் பண்பு இல்லை என்று நின்றுவிடும். ஏஎம்டி லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றியதும் நிறங்கள் வெளுத்தால் அது பேனல் மின்சேமிப்பு. பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் 0.20 முதல் இதைத் தானாக இயக்குகிறது. கர்னல் அளவுரு ஏஎம்டிஜிபியு.ஏபிஎம்லெவல்=0 என்று வைத்தால் நிற்கும்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு டிடிசியுஐ என்ற சாளர வடிவம் உண்டு, தோற்றம் சுமார், வேலை சுத்தம். பிளாஸ்மாவில் அதுவும் தேவையில்லை. டிடிசியூட்டிலின் நூலகத்தையே பிளாஸ்மாவின் மின்மேலாண்மைச் சேவையான பவர்டெவில் பயன்படுத்துகிறது, 6.2 பதிப்பிலிருந்து ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி ஸ்லைடர் சிஸ்டம் டிரேயில் வந்துவிட்டது. இன்றைக்கு மேசை மானிட்டரை லினக்ஸில் மிக வசதியாகக் கையாளும் டெஸ்க்டாப் பிளாஸ்மாதான். ஏதாவது மானிட்டர் அதனால் தடுமாறினால் பவர்டெவில்_நோ_டிடிசியூட்டில்=1 என்ற சூழல் மாறியால் அதை மட்டும் அணைக்கலாம். குனோம் பயனர்களுக்கு டிடிசியூட்டிலை அழைக்கும் நீட்சி இருக்கிறது, ஷெல் பதிப்பு மாறும்போது அது காத்திருக்க வைக்கும்.

எச்டிஆர் முறையை (சாதாரண எஸ்டிஆரைவிட அதிக ஒளி வீச்சில் காட்டுவது) இயக்கினால் கணக்கே மாறும். பெரும்பாலான மானிட்டர்கள் அப்போது பிரைட்னஸ், ஆர்ஜிபி மதிப்புகளைப் பூட்டிவிடும், டிடிசியூட்டில் அனுப்புவது காற்றில் போகும். பிளாஸ்மா 6இன் வேலேண்ட் அமர்வில் எச்டிஆர் பக்கத்திலேயே சாதாரணச் சாளரங்களுக்கான எஸ்டிஆர் பிரைட்னஸ் அளவு உள்ளது, அங்கே 200 நிட்டுக்குக் கீழே கொண்டுவந்தால் வெள்ளைப் பக்கங்கள் கண்ணைக் குத்தாது. திருத்தங்களை எச்டிஆரை அணைத்துவிட்டுச் செய்து டம்ப்விசிபியில் சேமித்துக்கொள்ளவும். எச்டிஆரிலிருந்து திரும்பும்போது மதிப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் தள்ளிவிடும் மானிட்டர்களில் லோட்விசிபி ஒரே வரியில் அவற்றைத் திரும்ப எடுத்துவரும்.